செய்மதிக்குள் ஒளித்த போத்தல்

1. ஒன்பது

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு நிரூஜாவின் கொம்பியூட்டர் "ஒன்பது" என்றது. எட்டு என்று சொல்லியிருக்க வேண்டிய இடம் அது.

எங்கள் கந்தோர் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பலாலி வீதியில், ஒரு சைக்கிள் கடைக்கு மேலே இருக்கிறது. கீழே ரியூப்புக்கு ஒட்டுப் போடுவார்கள். மேலே நாங்கள் எந்தச் செய்மதியை எந்த ரொக்கெட்டில் எப்போது ஏற்றுவது என்று திட்டம் போடுவோம். ஊரில் இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. நான் டிஷ் அன்டெனா பூட்டுகிற வேலை செய்வதாகத்தான் என் மச்சான் ஒருவர் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறார். போன வருடம் தன் வீட்டில் படம் தெளிவில்லை என்று என்னை ஏணியோடு வரச் சொன்னார். போய்ச் சரியாக்கிக் கொடுத்தேன்.

இந்தத் தொழிலுக்கு வரப்போகிற பிள்ளைகள் இதை வாசிக்கலாம் என்பதால் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு வெளிநாட்டுக் கொம்பனி நூற்று நாற்பத்துநான்கு சின்னச் செய்மதிகளைப் பூமியைச் சுற்றி ஓடவிடத் திட்டமிட்டது. பன்னிரண்டு பாதைகள், பாதைக்குப் பன்னிரண்டு செய்மதிகள். ஒரு ரொக்கெட்டில் பதினெட்டு ஏற்றினால் எட்டு ரொக்கெட்டில் அலுவல் முடியும். ரொக்கெட் பதினெட்டையும் ஒரே பாதையில்தான் இறக்கும். அதில் பன்னிரண்டு அங்கேயே நிற்கும். மிச்ச ஆறும் பக்கத்துப் பாதைக்குப் போகவேண்டும். குறுக்கே நேராகப் போவதற்கு எந்தச் செய்மதியின் எரிபொருளும் காணாது. ஆகவே அந்த ஆறையும் கொஞ்சம் கீழே இறக்கிவிட்டுக் காத்திருப்போம். பூமி இடுப்புப் பெருத்த உருண்டை. அந்த இடுப்பின் இழுவையால், கீழே ஓடுகிறவற்றின் பாதை மேலே ஓடுகிறவற்றின் பாதையைவிடக் கெதியாகத் திரும்பும். அடுத்த பாதைக்கு நேராக வந்ததும் மேலே ஏற்றிவிடுவோம். இதை நாங்கள் டிரிஃப்ட் என்போம். நேரம் நிறைய இருந்தால் கொஞ்சம் இறக்கினால் போதும், எரிபொருள் மிச்சம். நேரம் குறைந்தால் நன்றாகக் கீழே இறக்கவேண்டும், எரிபொருள் செலவு. எங்கள் தொழில் முழுவதும் இந்த இரண்டு வசனத்துக்குள் அடக்கம். மிச்சமெல்லாம் கூட்டமும் மின்னஞ்சலும்.

இனிச் சிக்கலுக்கு வருவோம். கொம்பனிக்கு வானலை உரிமம் ஒரு நிபந்தனையோடு கிடைத்திருந்தது. குறித்த நாளுக்குள் பாதிச் செய்மதிகள், அதாவது எழுபத்திரண்டு, தத்தம் பாதையில் நிற்கவேண்டும். ஒன்று குறைந்தாலும் உரிமம் போய்விடும். அந்த நாளுக்கு முன் அவர்களுக்குக் கிடைத்த ரொக்கெட்டுகள் நான்கு. நாலு பதினெட்டு எழுபத்திரண்டு. வாய்ப்பாடு படித்த எந்தப் பிள்ளையும் சொல்லும்.

நிரூஜாவின் கணக்கோ வேறு விதமாகச் சொன்னது. செய்மதிகளின் நிறை கூடிவிட்டது, ரொக்கெட்டுக்குப் பதினாறுதான் ஏறும், மொத்தம் ஒன்பது ரொக்கெட் வேண்டும். நாலு பதினாறு அறுபத்துநாலு. எட்டுச் செய்மதிகள் தரையில் நின்று கைகாட்டும்.

எங்கள் முதலாளி சிவகௌரி. வெளிநாட்டில் கலாநிதிப் பட்டம் எடுத்து, அங்கேயே நல்ல வேலையில் இருந்து, அதை விட்டுவிட்டு வந்து இந்தக் கந்தோரைத் திறந்தவர். என்னைவிடப் பத்து வயது இளையவர், என்னைவிட இருபது வயது பொறுமைசாலி. அன்றைக்கு அந்தப் பொறுமை பாதியில் நின்றது.

"திருப்பி ஓட்டு, நிரூ."

"மூண்டு தரம் ஓட்டிட்டன் அக்கா. மூண்டு தரமும் ஒன்பதெண்டுதான் சொல்லுது."

"எட்டிலை முடிக்கலாம் எண்டு நான் அவைக்குக் கையெழுத்து வச்சுக் குடுத்திருக்கிறன். யாழ்ப்பாணத்திலை இருந்து உது செய்யேலாது எண்டு சொன்ன ஆக்கள் இருக்கினம். இப்ப அவை சொன்னது சரி எண்டு போய்ச் சொல்லுறதே?"

பத்து நாளில் இறுதித் திட்டம் கொடுக்கவேண்டும். கொடுக்காவிட்டால் வேலை வேறு நாட்டுக்குப் போகும். அது போனால் எங்களிடம் வேறு வேலை இல்லை. கந்தோரைப் பூட்டிவிட்டுச் சாவியைச் சைக்கிள் கடையில் கொடுத்துவிட்டுப் போகவேண்டியதுதான்.

2. கறையான் அரித்த சூட்கேஸ்

என்னைப் பற்றியும் சொல்லவேண்டும். என் பெயர் குணசீலன். கந்தோரில் என்னைக் "கப்டன் அண்ணை" என்பார்கள். நான் எந்தக் காலத்திலும் கப்டனாக இருந்ததில்லை, இரண்டாம் அதிகாரிக்கு மேலே போகவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்துதான் கூப்பிடுகிறார்கள்.

காங்கேசன்துறையில் பிறந்தவன். இருபத்திரண்டு வருடம் சரக்குக் கப்பலில் இருந்தேன். எந்தப் பெட்டியை எங்கே அடுக்கினால் கப்பல் சரியாமல் போகும், எதை முதலில் ஏற்றினால் எது கடைசியில் இறங்கும் என்பதே என் வேலை. கௌரி என்னை எடுத்ததும் அதற்காகத்தான். "ரொக்கெட்டும் ஒரு கப்பல்தான் அண்ணை, திரும்பி வராது, அவ்வளவுதான்" என்றார் நேர்முகத்தில். எனக்கு அந்த ஆறுதல் பிடித்திருந்தது.

அந்த இருபத்திரண்டு வருடமும் என் மனைவி தேவகி நீல நிறச் சூட்கேஸ் ஒன்றை அடுக்கிக்கொண்டே இருந்தாள். நான் ஒன்பது மாதம் கடலில், மூன்று மாதம் வீட்டில். அந்தக் காலத்துக் கலியாண வாழ்க்கையைக் கூட்டிப் பார்த்தால் ஐந்து வருடமும் சொச்சமும் வரும். அவள் ஒருநாளும் குறை சொன்னதில்லை. சூட்கேஸை மூடும்போது மட்டும் கொஞ்சம் அழுத்தி மூடுவாள்.

ஒன்பது வந்த அன்று பின்னேரம் வீட்டுக்குப் போய், தேநீரைக் குடித்துவிட்டு, சும்மா கேட்பதுபோலக் கேட்டேன்.

"இஞ்சேரப்பா, அந்த நீலச் சூட்கேஸ் எங்கை?"

"ஏன், எங்கை போகப் போறியள்?"

"ஒரு இடமும் இல்லை. கந்தோரிலை கொஞ்சம் கரைச்சல். பழைய கொம்பனியிலை இன்னும் ஆள் எடுக்கினமாம்."

அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"அது கறையான் அரிச்சுப் போச்சு. எறிஞ்சிட்டன்."

"எப்ப?"

"அதெல்லாம் ஆர் எழுதி வச்சிருக்கிறது?"

நான் மேலே கேட்கவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் மறுபடி கடலுக்குப் போக எனக்கு மனமில்லை, உள்ளதைச் சொன்னால் பயமாகவும் இருந்தது. சூட்கேஸ் இல்லை என்றதும் ஒரு நிம்மதி வந்தது. இப்படியான அற்ப நிம்மதிகளை மனிதன் தேடிப் பிடித்துக்கொள்வான்.

3. வெண்பலகை

அடுத்த நாள் காலை கௌரி எங்களை வெண்பலகைக்கு முன்னால் இருத்தினார். நான், நிரூஜா, மற்றது தவம்.

தவத்தை அறிமுகப்படுத்தாமல் விட்டுவிட்டேன், அதற்கே அவன் கோபிப்பான். தவராசா, சாவகச்சேரிக்காரன், தென்மராட்சியில் வயலும் தென்னையும் உள்ள குடும்பம். டிரிஃப்ட் கணக்கில் அவனைப்போல ஒருவனை நான் காணவில்லை. ஒரு செய்மதி எவ்வளவு இறங்கவேண்டும், எத்தனை நாள் காத்திருக்கவேண்டும், எவ்வளவு எரிபொருள் எரியும் என்பதையெல்லாம் ஏ9 பஸ்ஸில் வரும்போதே மனதில் போட்டுவிடுவான். அவனுடைய குறை ஒன்றுதான். பிழை எப்போதும் மற்றவர்களுடையது.

"ஆரோ ஒராள் எங்கையோ கள்ளவேலை பாத்திருக்கிறியள்," என்றான் வந்து இருந்ததும். "என்ரை கணக்கு தெளிஞ்ச தண்ணி."

கௌரி பேனையை எடுத்தார். ஒரேயொரு செய்மதியை எடுத்து, அது இறங்க, காத்திருக்க, ஏற, பிறகு ஆயுள் முழுக்கத் தன் இடத்தில் நிற்க எவ்வளவு எரிபொருள் வேண்டும் என்று முதலில் இருந்து கையால் போட்டார். அரை மணித்தியாலம் எடுத்தது. கடைசி வரியின் கீழே இரண்டு கோடு போட்டார். அதற்குப் பக்கத்தில், எங்கள் கொம்பியூட்டர் ஒவ்வொரு செய்மதிக்கும் எடுத்திருந்த எரிபொருளை எழுதினார். இரண்டாவது இலக்கம் முதலாவதில் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு.

"இடையிலை இருக்கிற எண்ணெய் ஆருடையது?" என்றார்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என் நெஞ்சு சைக்கிள் மணிபோல அடித்தது.

முதலில் வாய் திறந்தது நிரூஜா. எங்களில் இளையவள் அவள்தான். எல்லா நிபந்தனைகளையும் எடுத்து ஆகச் சிறந்த திட்டத்தைத் தேடுகிற புரோகிராமை எழுதியவள். அதை நாங்கள் இங்கிலிஷில் "சொல்வர்", அதாவது தீர்வு தேடுவது, என்போம்.

"அக்கா, நான் ஒண்டு செய்தனான். சொல்வருக்குள்ளை ஒரு வரி போட்டனான். கையிலை குடுக்கிற எண்ணெயிலை பத்திலை ஒரு பங்கைத் தொடக்கூடாது எண்டு."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா எடுக்கச் சொல்லுவியள் எண்டு."

"அதுக்கு என்ன பேர் வச்சனீ?"

"கான்." அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "பெற்றோலுக்குக் கியூவிலை நிண்ட காலத்திலை, கட்டிலுக்குக் கீழை ஒரு கான் நிறையப் பெற்றோல் வச்சிருந்தனான். அம்மாவுக்கும் தெரியாது. அது இருக்குது எண்டாத்தான் நித்திரை வரும்."

தவம் நாற்காலியில் நிமிர்ந்தான். "பாத்தியளே! நான் அப்பவே சொன்னனான்."

"நீ உன்ரை எக்செல்லைத் திற," என்றார் கௌரி.

திறந்தான். பத்துப் பதினைந்து நிரல்கள், எல்லாம் தெளிந்த தண்ணீர். கௌரி மறைத்து வைத்த நிரல்களைக் காட்டச் சொல்லி ஒரு தட்டுத் தட்டினார். நடுவில் ஒன்று எழும்பி வந்தது. அதன் தலைப்பு "விதைநெல்". உள்ளே எல்லாச் செய்மதிகளின் எரிபொருளும் பத்தில் ஒரு பங்கு கூட்டப்பட்டிருந்தது.

தவம் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான், யாரோ வேறு ஆள் வந்து எழுதிவிட்டுப் போனதுபோல.

"எங்கடை வீட்டிலை கழுத்து முட்டக் கடன் இருந்தாலும் விதைநெல்லிலை கை வைக்கமாட்டினம்," என்றான் கடைசியில். "அது ஒரு பழக்கம். கையே தன்பாட்டிலை எழுதிப்போட்டுது."

இனி நான் மட்டும்தான் மிச்சம். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை, அதுதான் இன்னும் கரைச்சல். ஏற்றுத் திட்டத்தில் ஒவ்வொரு செய்மதியின் நிறையையும் எழுதுகிறவன் நான். கப்பலில், வியாபாரி பத்துத் தொன் என்று சொன்னால் பதினொன்று என்று எழுதிப் பழகியவன். எரிபொருள் நிறையிலும் அதே பத்தில் ஒரு பங்கைக் கூட்டியிருந்தேன். ஐந்து வருடமாக எல்லாத் திட்டத்திலும் கூட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

"கப்டன் அண்ணையுமோ!" என்றான் தவம், உயிர் திரும்பியவனாக.

சிறு துளி பெரு வெள்ளம் என்று பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சேமிப்பு மாதத்தில் சொல்லித் தந்தார்கள். அந்த வெள்ளத்தில் எட்டுச் செய்மதிகள் அடித்துக்கொண்டு போகும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. ஒருவன் கூட்டியதன் மேல் அடுத்தவன் கூட்டினான், அதன் மேல் மூன்றாவது ஆள். ஒருவருக்கும் மற்றவர் செய்தது தெரியாது.

அப்போதுதான் நான் எங்கள் வீட்டுக் கதை ஒன்றைச் சொன்னேன். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக் காலம். காங்கேசன்துறையை விட்டு வந்து சுன்னாகத்தில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்ச எண்ணெயும் ஒரு திரியும் வைத்துச் செய்த விளக்கு ஒன்று. அந்த ஒரு சுடரைச் சுற்றி நானும் அக்காவும் தம்பியும் சோதனைக்குப் படித்தோம். திரியைக் கொஞ்சம் தூண்டினால் ஐயா ஏசுவார். தம்பிக்கு அந்த வெளிச்சத்தில் படித்துப் படித்தே கண் கெட்டது என்று அம்மா இன்றைக்கும் சொல்லுவா. பிறகு சண்டை கிட்ட வந்து, வலிகாமத்தை விட்டு எல்லாரும் வெளிக்கிட்ட அன்று, அவசரமாகச் சாமான் கட்டும்போது, அரிசிப் பானைக்குள் அம்மா ஒளித்த போத்தல் வந்தது. கிணற்றடிக் கூரையில் ஐயா ஒளித்தது வந்தது. அக்காவின் சட்டைப் பெட்டியில் ஒன்று. என்னுடையது புத்தகங்களுக்குப் பின்னால். நாலு போத்தல் மண்ணெண்ணெய், நாலும் நிறைய. நாங்கள் நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். தம்பி மட்டும்தான் ஒன்றும் ஒளிக்கவில்லை. அவன் அழுதான். அந்த நாலையும் கொண்டுபோக வழியில்லாமல் அங்கேயே விட்டுவிட்டு நடந்தோம்.

கதை முடிந்ததும் யாரும் பகிடி விடவில்லை, தவம்கூட. கௌரி பேனையை மூடி வைத்தார்.

"சரி. மூண்டு போத்தலையும் எடுங்கோ," என்றார்.

4. கராஜில் இரண்டு மூட்டை

எடுத்தோம். நிரூஜா சொல்வரை மறுபடி ஓட்டினாள். ஒரு மணித்தியாலம் ஓடியது. கீழே போய் பிளேன்ரீயும் றோல்ஸும் வாங்கி வந்தேன், வெற்றிக்கு முன்பணமாக.

கொம்பியூட்டர் "பதினேழு" என்றது. ரொக்கெட்டுக்குப் பதினேழு. நாலு பதினேழு அறுபத்தெட்டு. இன்னும் நாலு குறைவு. எட்டு ரொக்கெட்டில் எல்லாமும் அடங்காது, ஒன்பதுதான்.

"இப்ப ஆர்?" என்று கௌரி எங்களைத் திரும்பிப் பார்த்தார். மூன்று பேரும் ஒரே நேரத்தில் கையை விரித்தோம். கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்திருப்போம்.

வெண்பலகையில் இருந்த ஒரு வரியைத் திரும்பவும் பார்த்தோம். செய்மதி தன் ஆயுள் முழுக்கத் தன் இடத்தில் நிற்பதற்கு வேண்டிய எரிபொருள். கௌரி அன்று போட்டபோது அந்த இலக்கத்தைப் பாடநூல் முறையில் தானே கணித்திருந்தார். எங்கள் கோப்பில் இருந்ததோ வாடிக்கையாளர் கொம்பனி அனுப்பியது. இரண்டுக்கும் இடையில் அதே பத்தில் ஒரு பங்கு.

அந்தக் கொம்பனியில் எங்களோடு கதைப்பவர் ரஞ்சன். கனடாவில் இருக்கிறார். மானிப்பாயில் பிறந்து, பதினாறு வயதில் வெளியேறியவர். அப்போது எங்களுக்குப் பின்னேரம், அவருக்கு விடியல். திரையில் வந்தபோது கையில் கோப்பி, பின்னால் குசினி.

"என்ரை இலக்கமோ? சேச்சே. அது எங்கடை டிசைன் ஆக்கள் தந்தது, நான் அப்பிடியே அனுப்பினனான்," என்றார். "உங்கடை பக்கம்தான் எங்கையோ பிழை. வடிவாப் பாருங்கோ."

கௌரி மரியாதையாக இரண்டு தரம் கேட்டார். ரஞ்சன் மரியாதையாக இரண்டு தரம் மறுத்தார். வாடிக்கையாளரைப் பொய்யன் என்று சொல்ல முடியாது. எனக்கு வேறு ஒரு யோசனை வந்தது. அது கந்தோர் ஒழுங்குக்குள் வராத யோசனை.

"ரஞ்சன், கோவிக்காதேங்கோ. உங்கடை வீட்டிலை இப்ப எத்தினை மூட்டை அரிசி இருக்குது?"

"அரிசியோ? உதென்ன கேள்வி அண்ணை? ஒரு மூட்டை இருக்கும்."

பின்னாலிருந்து அவருடைய மனைவியின் குரல் கேட்டது. "ஒண்டோ? இஞ்சை நாலு இருக்கு. கராஜிலை இன்னும் ரெண்டு. இதைச் சாப்பிட்டு முடிக்க எங்கடை பேரப்பிள்ளையளும் வரவேணும் எண்டு சொல்லுங்கோ அவைக்கு!"

ரஞ்சன் திரும்பிக் குசினியைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். சிரித்து முடிந்ததும் கோப்பியைக் கீழே வைத்தார்.

"டிசைன் ஆக்கள் தந்ததுக்கு மேலை நான்தான் பத்திலை ஒண்டு போட்டனான்," என்றார். "இஞ்சை ஒருத்தருக்கும் தெரியாது. முப்பது வரியமாகுது அண்ணை, எனக்கு இன்னும் பாதிக்குக் கீழை பெற்றோல் இறங்கின காரிலை இருக்கேலாது."

அந்தப் போத்தலையும் எடுத்தோம். சொல்வர் பதினெட்டு என்றது.

5. சிவப்பு எழுத்து

நிரூஜா கை தட்டினாள். தவம் இது தன்னுடைய கணக்கின் வெற்றி என்றான். நான் மட்டும் இலக்கத்தைத் திரும்பவும் பார்த்தேன். பதினெட்டு ஏறுகிறது, ஆனால் விளிம்புவரை ஏறுகிறது. ஒரு துளி கூடக் கையிருப்பு இல்லை. கடலில் இருந்தவன் எவனும் அப்படிக் கப்பலை அவிழ்க்கமாட்டான்.

"மெடம், ஒரு போத்தல் வேணும்," என்றேன்.

கௌரி என்னைப் பார்த்த பார்வையை எழுதப் போவதில்லை.

"ஒளிச்சு இல்லை. எல்லாருக்கும் தெரிய. ஒண்டே ஒண்டு."

"வைக்க இடம் எங்கை அண்ணை? இப்பத்தான் கஷ்டப்பட்டு அடைஞ்சு முடிச்சது."

தவம்தான் இடம் கண்டான். பன்னிரண்டு செய்மதிகள் ரொக்கெட் இறக்கிய பாதையிலேயே நிற்கின்றன. அவற்றுக்கு டிரிஃப்ட் இல்லை. ஆனால் எங்கள் திட்டத்தில் பதினெட்டுக்கும் ஒரே அளவுதான் நிரப்பியிருந்தோம், பந்தியில் எல்லா இலைக்கும் ஒரே அளவு சோறு வைப்பதுபோல. நிற்கிறவற்றில் குறைத்து, ஓடுகிற ஆறுக்கும் அதைக் கொடுத்தால் நிறையும் கூடாது, கையிருப்பும் வரும். சொல்லி முடித்துவிட்டு, இவ்வளவு நாளும் இதை நாங்கள் ஏன் யோசிக்கவில்லை என்று எங்களையே திட்டினான். யோசிக்காததற்குக் காரணம் தெரிந்ததுதான். ஆளுக்கொரு போத்தலை மடியில் வைத்துக்கொண்டு எல்லாரும் நிம்மதியாக இருந்தோம்.

கௌரி அதைத் திட்டத்தின் முதல் பக்கத்தில் சிவப்பு எழுத்தில் போட்டார். கையிருப்பு எவ்வளவு, எந்த ஆறு செய்மதிகளில், யார் சொன்னால் திறக்கலாம். வேறெங்கும் எவரும் எதையும் கூட்டக்கூடாது. ரஞ்சன் உட்பட ஐந்து பேரும் கையெழுத்து வைத்தோம். எட்டாம் நாள் திட்டம் போனது. வாடிக்கையாளர் ஏற்றுக்கொண்டார்.

முதல் மூன்று ரொக்கெட்டும் சொன்ன நாளில் போயின. நாலாவது போகவில்லை. முதலில் காற்று. பிறகு ஏதோ வால்வு என்றார்கள். பிறகு மறுபடி காற்று. ஐந்து கிழமை தாமதித்துத்தான் அது கிளம்பியது. உரிம நாள் மட்டும் ஒரு நாளும் தள்ளிப் போகவில்லை.

அதில் இருந்த ஆறு செய்மதிகளும் பக்கத்துப் பாதைக்கு ஆறுதலாக நடந்துபோக வேண்டியவை. இப்போது ஓடவேண்டும். ஓடுவதென்றால் இன்னும் கீழே இறங்கவேண்டும். அதற்கு எரிபொருள் வேண்டும். தாமதம் தெரிந்த அன்று காலை கௌரி எங்களை மறுபடி வெண்பலகைக்கு முன்னால் இருத்தினார். வாயைத் திறந்தவர், கொஞ்சம் தயங்கிவிட்டுத்தான் கேட்டார்.

"உண்மையாச் சொல்லுங்கோ. ஆரிட்டையாவது இன்னும் ஏதும் இருக்கே? நான் ஏசமாட்டன்."

அந்தக் கேள்வியில் ஆசை இருந்தது. எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. தவம் நிரூஜாவைப் பார்த்தான், நிரூஜா என்னைப் பார்த்தாள், நான் திரையில் இருந்த ரஞ்சனைப் பார்த்தேன். எல்லாரும் இல்லை என்று தலையாட்டினோம். முதல் தடவையாக ஒருவரிடமும் ஒன்றும் இல்லை. அதைப்போலப் பயங்கரமான நேர்மையை நான் வாழ்க்கையில் அனுபவித்ததில்லை.

"அப்ப சிவப்பு எழுத்துத்தான்," என்றார் கௌரி.

எவ்வளவு இருக்கிறது, எங்கே இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஆகவே வாதாட ஒன்றும் இருக்கவில்லை. தவம் புதிய ஆழத்தைக் கணித்தான். நிரூஜா ஓட்டினாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் புதிய திட்டம் ரஞ்சனிடம் போய்விட்டது. ஆறும் இறங்கின, திரும்பின, ஏறின. கடைசிச் செய்மதி தன் இடத்தில் நின்றபோது உரிம நாளுக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. எழுபத்திரண்டு. தவம் சைக்கிள் கடைக்காரருக்கும் சேர்த்து றோல்ஸ் வாங்கிக் கொடுத்தான், தன் கையால் எண்ணி, ஒன்றுகூட மிஞ்சாமல்.

6. மிச்சம் ஒன்று

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல வைத்திருந்த பாடம் இதுதான். கையிருப்பு வையுங்கள், வைக்காதவன் மடையன். ஆனால் எங்கே வைத்திருக்கிறோம் என்பதைக் கூட வேலை செய்கிறவர்களுக்குச் சொல்லுங்கள். ஒளித்த எண்ணெய் விளக்கெரிக்க உதவாது. அது இருக்கிறது என்று தெரியாமல் வீடு முழுக்க இருட்டில் இருக்கும். இதோடு நிறுத்தியிருந்தால் கட்டுரை ஒழுங்காக முடிந்திருக்கும்.

எழுபத்திரண்டாவது நின்ற அன்று பின்னேரம் வீட்டுக்குப் போய்த் தேவகியிடம் சொன்னேன். கந்தோர் தப்பிவிட்டது, மிச்ச நாலு ரொக்கெட்டுக்கும் வேலை எங்களுக்குத்தான், இனி நான் ஒரு இடமும் போகத் தேவையில்லை என்று.

"வடிவாத் தெரியுமோ?" என்றாள்.

"ஓம்."

"கடிதம் வந்திட்டுதோ?"

"வந்திட்டுது. கையெழுத்தும் வச்சாச்சு."

அவள் அறைக்குள் போனாள். அலுமாரிக்கு மேலே, பழைய பாய்களுக்குப் பின்னாலிருந்து எதையோ இழுக்கிற சத்தம் கேட்டது. நீல நிறச் சூட்கேஸோடு வந்தாள். கறையான் அதைத் தொட்டும் பார்க்கவில்லை. கட்டிலில் வைத்துத் திறந்தாள். மடித்த சேட்டுகள், கம்பளி உடுப்பு, சவர்க்காரம், சவரப் பெட்டி, நான் கடலில் விரும்பிச் சாப்பிடுகிற மிளகாய்த்தூள் இரண்டு போத்தல். எல்லாம் அடுக்கியபடி. ஐந்து வருடமாக மிளகாய்த்தூளை மட்டும் அடிக்கடி மாற்றி வைத்திருக்கிறாள், மணம் புதிதாக இருந்தது.

போத்தலை மூடித் திரும்ப வைத்தேன். ஆனாலும் வாய் சும்மா இருக்காதே.

"கையிருப்பு வச்சா எல்லாருக்கும் சொல்லிப்போட்டு வைக்கவேணும் எண்டு நான் ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறன். நீ எனக்கே பொய் சொல்லி ஒளிச்சு வச்சிருக்கிறாய். அண்டைக்குக் கேக்கேக்கை ஏன் சொல்லேல்லை?"

தேவகி சேட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அலுமாரிக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"சொல்லியிருந்தா, எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டிருப்பியள்," என்றாள்.